கரிம வேதியியலும் கார்பன் சேர்மங்களின் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரிம வேதியியல் என்றாலே மனப்பாடம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் ஒரு பெயர் என்பது ஒரு படத்தை வரைவதற்கான கட்டளை. படம் போடாமல் பெயர் வைக்கப் போகாதீர்கள், பெயரைப் படிக்கும்போது வாலிலிருந்து படியுங்கள். இவை இரண்டும் கைக்கு வந்துவிட்டால் மீதி பெரும்பாலும் எண்ணிக்கைதான்.

கரிமச் சேர்மம் என்றால் என்ன? கார்பன் இருந்தால் போதுமா?

கிட்டத்தட்ட போதும், ஆனால் முழுக்க அல்ல. கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட், சயனைடு உப்புகள் எல்லாவற்றிலும் கார்பன் உண்டு, இருந்தும் அவற்றைக் கனிமப் பக்கம்தான் வைக்கிறோம். வைரமும் கிராஃபைட்டும் அந்தப் பக்கமே. சில புத்தகங்கள் ‘கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் கரிமம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது நல்ல முதல் அடையாளம்தான், ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடில் ஹைட்ரஜனே இல்லை, யூரியாவில் ஹைட்ரஜன் எல்லாம் நைட்ரஜனோடுதான் ஒட்டியிருக்கிறது, இரண்டையும் கரிமம் என்றே சொல்கிறோம். எல்லைக்கோடு வழக்கத்தால் வந்தது, அதைத் துல்லியமாக வரையறுக்க உட்கார்ந்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பிளாஸ்டிக்கும் பெட்ரோலும்கூடக் கரிமமா?

ஆமாம். உயிரோடு இருந்ததா, இயற்கையா, உடம்புக்கு நல்லதா என்ற கேள்விகளுக்கும் இந்தச் சொல்லுக்கும் வேதியியலில் சம்பந்தமில்லை.

அப்படியானால் உயிருக்கும் கரிம வேதியியலுக்கும் ஏன் முடிச்சுப் போட்டார்கள்?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சீலியஸ் போன்ற பெரிய வேதியியலாளர்களே, தாவரங்களிலும் விலங்குகளிலும் கிடைக்கும் பொருள்களை உருவாக்க ஏதோ ஓர் உயிர் விசை தேவை என்று நம்பினார்கள். 1828இல் பிரெடெரிக் வோலர் அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போய், அது யூரியாவாக மாறி நிற்பதைப் பார்த்தார். சிறுநீரகம் இல்லாமலேயே யூரியா செய்ய முடிகிறது என்று பெர்சீலியசுக்குக் கடிதமும் எழுதினார். அந்த ஒரே நாளில் உயிர் விசைக் கொள்கை செத்துப்போனது என்று பலர் எழுதுவார்கள். அவ்வளவு சுலபமாக எந்தக் கொள்கையும் சாவதில்லை. 1845இல் ஹெர்மன் கோல்பே கனிமப் பொருள்களிலிருந்து படிப்படியாக அசிட்டிக் அமிலம் வரை போய்க் காட்டினார், அதற்கப்புறமும் கொஞ்ச காலம் வாதம் நடந்தது.

என்னைப் பொறுத்தவரை வோலர் கதையில் அதைவிட முக்கியமான விஷயம் வேறு. அம்மோனியம் சயனேட்டும் யூரியாவும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை: ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் மாறியதால் பொருளே மாறிவிட்டது. பெயரிடும் விதிகள் எல்லாமே இந்த ஒரு பிரச்சினையைச் சமாளிக்க வந்தவைதான்.

ஏன் கார்பனுக்கு மட்டும் இவ்வளவு பெரிய தனிப் பாடம்?

கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். அது நான்கையும் இழப்பதும் கடினம், இன்னும் நான்கைப் பறிப்பதும் கடினம், அதனால் பகிர்ந்துகொள்கிறது. இப்படி வரும் சகப்பிணைப்பை அது தன் இன அணுக்களோடும் சளைக்காமல் போட்டுக்கொள்கிறது. நீளச் சங்கிலி, கிளைச் சங்கிலி, வளையம் என்று எப்படி வேண்டுமானாலும் நீளும்.

சரி, சிலிக்கானுக்கும் நான்கு எலக்ட்ரான்கள்தானே, அது ஏன் இப்படிச் செய்யவில்லை? பிணைப்பு ஆற்றலைப் பாருங்கள். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 346 கிலோஜூல் வேண்டும், கார்பன்–ஆக்சிஜனுக்குச் சுமார் 358. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிலிக்கான்–சிலிக்கான் சுமார் 222தான், சிலிக்கான்–ஆக்சிஜனோ 450ஐத் தாண்டிவிடும். ஆக்சிஜன் கண்ணில் பட்டால் சிலிக்கான் தன் சங்கிலியை விட்டுவிட்டு அதோடு போய்விடுகிறது, மணலாக உட்கார்ந்துவிடுகிறது. கார்பன் சங்கிலிக்கு அந்த அவசரம் கிடையாது. போதாததற்கு கார்பன் சிறிய அணு, அதனால் அருகருகே வந்து வலுவான இரட்டை, முப்பிணைப்புகளையும் போட முடிகிறது.

கார்பனுக்கு நான்கு பிணைப்பு என்பதை எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்ள வேண்டும்?

முழுக் கறாராக. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது இதுதான். 1858இல் கெக்குலேயும், அவரிடம் தொடர்பில்லாமல் தனியே கூப்பரும் இதைச் சொன்னார்கள். கார்பனுக்கு நான்கு, நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கும் குளோரின் குடும்பத்துக்கும் ஒன்று. இரட்டைப் பிணைப்பை இரண்டாக எண்ண வேண்டும், முப்பிணைப்பை மூன்றாக. நீங்கள் வரைந்த படத்தில் ஏதாவது ஒரு கார்பனுக்கு ஐந்து கோடு வந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்காமல் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

நேர்மின், எதிர்மின் சுமையுள்ள அயனிகளில் இந்த எண்கள் மாறும், அது பின்னால் வரும் சங்கதி. இன்னொன்று, இந்த நான்கு பிணைப்புகளும் தாளில் வரைவதுபோல் கூட்டல் குறி வடிவில் இல்லை, நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன, மீத்தேனில் இடைக்கோணம் 109.5 டிகிரி. 1874இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே இதை முன்வைத்தார்கள்.

கோடு மட்டும் வளைந்து வளைந்து போகும் படத்தில் அணுக்களே இல்லையே, எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு திருப்பமும் ஒரு கார்பன். ஹைட்ரஜனைக் காட்ட மாட்டார்கள், நான்கு நிறைய எத்தனை குறைகிறதோ அத்தனை ஹைட்ரஜன் என்று நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன், நைட்ரஜன், குளோரின் போன்றவற்றை மட்டும் எழுதிக் காட்டுவார்கள். முனையில் இருக்கும் கார்பனை எண்ணாமல் விடுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை, மூன்று கோடு இருந்தால் மூன்று கார்பன் என்று எழுதிவிடுவார்கள். கிளையில்லாத சங்கிலியில் மூன்று கோட்டுக்கு நான்கு கார்பன்.

மெத், எத், புரப், பியூட்… இந்த நான்கையும் எப்படி ஞாபகம் வைப்பது?

இவற்றை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஒன்று முதல் நான்கு கார்பன் வரை பழைய பெயர்களிலிருந்து மிஞ்சிய துண்டுகள் இவை. ஐந்திலிருந்து கிரேக்க, லத்தீன் எண்ணுப் பெயர்கள் வந்துவிடுவதால் சுலபம்: பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நோன், டெக். பத்து வரை தெரிந்தால் பள்ளிக்குத் தாராளம்.

இவற்றோடு ‘ஏன்’ சேர்த்தால் எல்லாம் ஒற்றைப் பிணைப்புள்ள அல்கேன்: மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன், பென்டேன். ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் வித்தியாசம், நிறையில் 14 கூடும். இதைத்தான் படிவரிசை என்கிறோம். சங்கிலி நீள நீள மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பும் கூடுவதால் கொதிநிலை ஏறும். மீத்தேன் மைனஸ் 161 டிகிரி செல்சியஸ், புரப்பேன் மைனஸ் 42, பியூட்டேன் கிட்டத்தட்ட சுழியம், பென்டேன் 36, ஹெக்சேன் 69.

ஒரு படி வித்தியாசம்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. மதுவில் இருக்கும் ஆல்கஹால் எத்தனால். ஒரு கார்பன் குறைந்த மெத்தனால் உடலுக்குள் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், கண் போகும், உயிரும் போகும்.

ஒரு பெயரை வாலிலிருந்து படிப்பது என்றால் என்ன?

ஒரு பெயரில் மூன்று பங்கு உண்டு. கடைசியில் இருக்கும் பின்னொட்டு இது எந்தக் குடும்பம் என்று சொல்லும். நடுவில் இருக்கும் மூலச்சொல் முதன்மைச் சங்கிலியில் எத்தனை கார்பன் என்று சொல்லும். முன்னால் இருப்பதெல்லாம் அந்தச் சங்கிலியில் தொங்கும் கிளைகள், எண்கள் அவை தொங்கும் இடம். வீட்டு முகவரியைத் தபால்காரர் ஊரிலிருந்து தொடங்கிக் கதவு எண்ணுக்கு வருவதுபோல, பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

3-மெத்தில்பென்டன்-2-ஆல் என்று ஒரு பெயர். வால் ‘ஆல்’, ஆகவே ஆல்கஹால், அது 2ஆவது கார்பனில். ‘பென்டன்’ என்பதால் ஐந்து கார்பன், எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. 3ஆவது கார்பனில் ஒரு மெத்தில், அதாவது ஒரு கார்பன் உள்ள கிளை. ஐந்து புள்ளி போட்டு இணையுங்கள், இரண்டாவதில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன், மூன்றாவதில் ஒரு கார்பன், மிச்ச இடமெல்லாம் ஹைட்ரஜன். முடிந்தது. முன்னாலிருந்து படிக்கிறவர் ‘3-மெத்தில்’ என்று பார்த்ததுமே அதை எதில் மாட்டுவது என்று தெரியாமல் நிற்பார்.

சரி, படத்திலிருந்து பெயருக்குப் போவது எப்படி?

இங்கேதான் நிதானம் வேண்டும். அல்கேனில் தொடங்குவோம்.

முதலில் மிக நீளமான தொடர்ச்சியான சங்கிலியைத் தேடுங்கள். தேடுங்கள் என்கிற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன், ஏனென்றால் அது நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, மேலே ஏறிக் கீழே இறங்கி எப்படி வேண்டுமானாலும் போகலாம். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இதில்தான் வலை விரிப்பார்கள். மூன்று கார்பனைப் படுக்கையாகப் போட்டு, நடுக் கார்பனிலிருந்து இரண்டு கார்பன் கிளையை மேலே ஏற்றிவிட்டு நிற்பார்கள். அவசரக்காரர் 2-எத்தில்புரப்பேன் என்று எழுதுவார். ஓரத்துக் கார்பனில் தொடங்கி நடுவுக்கு வந்து மேலே ஏறினால் நான்கு கார்பன் கிடைக்கிறது, ஆக அது 2-மெத்தில்பியூட்டேன். இதிலிருந்து ஒரு சோதனை: கிளையுள்ள திறந்த சங்கிலி அல்கேன் ஒன்றின் பெயரில் ‘1-மெத்தில்’ என்றோ ‘2-எத்தில்’ என்றோ வந்தால் நீளச் சங்கிலியைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். வளையத்துக்கும் ஆல்கஹால் போன்ற வினைசெயல் தொகுதி உள்ள சேர்மத்துக்கும் இது பொருந்தாது, 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல் சரியான பெயர்தான்.

அடுத்து எண் போட வேண்டும். இரண்டு முனையிலிருந்தும் எண்ணிப் பார்த்து, கிளைகளுக்குக் கிடைக்கும் எண்களை வரிசையாக எழுதி, முதல் வித்தியாசம் வரும் இடத்தில் எது சிறியதோ அதை எடுங்கள். உதாரணமாக ஐந்து கார்பன் சங்கிலியில் ஒரு பக்கம் இரண்டாவது கார்பனில் இரண்டு மெத்தில், நான்காவதில் ஒரு மெத்தில். இந்தப் பக்கமிருந்து 2,2,4, அந்தப் பக்கமிருந்து 2,4,4. இரண்டாவது இடத்தில் 2 சிறியது, ஆகவே 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். எண்களைக் கூட்டிப் பார்த்துச் சிறிய கூட்டுத்தொகை எடுக்கச் சொல்லும் குறுக்குவழி ஒன்று உலவுகிறது, பல நேரம் சரியாக வரும், சில நேரம் காலை வாரிவிடும், அதை மறந்துவிடுங்கள். இந்தச் சேர்மம்தான் எரிபொருள் உலகில் ஐசோஆக்டேன். பெட்ரோலின் ஆக்டேன் எண் என்று சொல்கிறார்களே, அதில் 100 என்பது இதன் அளவு, 0 என்பது கிளையே இல்லாத ஹெப்டேனின் அளவு.

ஒரே கிளை பல முறை வந்தால் டை, டிரை, டெட்ரா. ஒவ்வொரு கிளைக்கும் தனி எண், ஒரே கார்பனில் இரண்டு இருந்தால் எண்ணை இரண்டு தரம் எழுத வேண்டும். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் சிறு கோடு. மற்றபடி இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள்.

வெவ்வேறு கிளைகள் இருந்தால் எதை முதலில் எழுதுவது?

அகர வரிசை. ஆனால் ஆங்கில அகர வரிசை, தமிழ் வழியில் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். தமிழில் ‘கு’ முன்னால், ‘பு’ பின்னால், எனவே குளோரோவை முதலில் எழுதிவிடுவோம். ஆங்கிலத்திலோ புரோமோதான் முந்தும். இது அழகுக்கான வரிசை மட்டுமல்ல, எண்ணையும் தீர்மானிக்கும். ஈத்தேனின் ஒரு கார்பனில் புரோமினும் மறு கார்பனில் குளோரினும் இருந்தால் எந்தப் பக்கம் எண்ணினாலும் 1,2தான், அந்தச் சமநிலையில் வரிசையில் முதலில் வருவதற்குச் சிறிய எண் கிடைக்கும், ஆகவே 1-புரோமோ-2-குளோரோஈத்தேன். எத்தில், மெத்தில் மட்டும் இரண்டு மொழியிலும் ஒத்துப்போகின்றன. டை, டிரை போன்றவற்றை வரிசைப்படுத்தும்போது கணக்கில் எடுக்காதீர்கள், 3-எத்தில்-2,2-டைமெத்தில்பென்டேன் என்பதில் எத்தில் முந்துவது அதனால்தான்.

அல்கீனிலும் அல்கைனிலும் என்ன மாறும்?

‘ஏன்’ போய் இரட்டைப் பிணைப்புக்கு ‘ஈன்’, முப்பிணைப்புக்கு ‘ஐன்’. பிணைப்பு தொடங்கும் கார்பனின் எண்ணைப் போட வேண்டும்: பியூட்-1-ஈன், பியூட்-2-ஈன். எண்ணும்போது பிணைப்புக்குத்தான் சலுகை, கிளைகளுக்கு அப்புறம்தான்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சங்கிலி முதன்மை என்பதில் விதி மாறியிருக்கிறது. இரட்டைப் பிணைப்பு இருக்கும் சங்கிலியையே எடுக்க வேண்டும், அது குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை என்பது பழைய விதி, பெரும்பாலான பாடநூல்கள் இன்னும் அதைத்தான் சொல்கின்றன. ஐயுபிஏசி என்கிற பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் 2013 பரிந்துரைகளில் நீளமே முதலில். 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று பழைய முறையில் வரும் சேர்மம் புதிய முறையில் 3-மெத்திலிடீன்ஹெக்சேன். தேர்வுக்கு உங்கள் பாடநூலைப் பின்பற்றுங்கள், ஆனால் வேறு பெயரை எங்காவது பார்த்தால் அது தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

வினைசெயல் தொகுதி என்பது என்ன?

மூலக்கூறில் வேலை நடக்கும் இடம். எத்தனாலையும் டைமெத்தில் ஈதரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எத்தனாலில் ஆக்சிஜன் ஓரத்தில் ஒரு ஹைட்ரஜனோடு நிற்கிறது, அதனால் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகி 78 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஈதரில் ஆக்சிஜன் இரண்டு கார்பனுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது, அது மைனஸ் 24 டிகிரி வாக்கிலேயே கொதித்து வாயுவாகிவிடும். ஒரே வாய்பாடு, 100 டிகிரி வித்தியாசம்.

பின்னொட்டுகள்: ஆல்கஹாலுக்கு ஆல், ஆல்டிஹைடுக்கு அல், கீட்டோனுக்கு ஓன், கார்பாக்சிலிக் அமிலத்துக்கு ஆயிக் அமிலம், அமீனுக்கு அமீன். ஆல்டிஹைடும் அமிலமும் சங்கிலியின் முனையில்தான் இருக்க முடியும், ஆகவே அவற்றின் கார்பனே 1, அந்த எண்ணை எழுத வேண்டியதுகூட இல்லை. அமிலத் தொகுதியின் கார்பனையும் சங்கிலியில் சேர்த்தே எண்ண வேண்டும். வினிகரில் இருக்கும் அமிலத்தில் மொத்தம் இரண்டு கார்பன், அதனால் எத்தனாயிக் அமிலம்.

எத்தனால், எத்தனல்: எழுத்துப் பிழையா, இரண்டு பொருளா?

இரண்டு பொருள்! எத்தனால் ஆல்கஹால், எத்தனல் ஆல்டிஹைடு. பின்னதைச் சிலர் எத்தனேல் என்றும் எழுதுகிறார்கள், குழப்பம் குறைவதால் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஒரு கால் கூடினால் குறைந்தால் வேறு மூலக்கூறு. இதேபோல அமீன் வேறு, அமைடு வேறு, அல்கேன் வேறு, அல்கீன் வேறு. தமிழில் எழுதும்போது கைப்பிழைக்கு இடமே கொடுக்காதீர்கள், சந்தேகம் வந்தால் பக்கத்தில் வாய்பாட்டையும் எழுதிவிடுங்கள்.

ஒரே மூலக்கூறில் இரண்டு தொகுதிகள் இருந்தால் வால் யாருக்கு?

ஒரு முன்னுரிமை வரிசை இருக்கிறது. அமிலம் எல்லாவற்றுக்கும் மேலே, பிறகு எஸ்தர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். வாலில் ஒரு வகைக்குத்தான் இடம், தோற்றவர்கள் முன்னொட்டாகப் போய்விட வேண்டும். ஆல்கஹால் தோற்றால் ஹைட்ராக்சி, அமீன் தோற்றால் அமினோ, கீட்டோன் தோற்றால் ஆக்சோ. பால் புளிக்கும்போது உருவாகும் லாக்டிக் அமிலம் 2-ஹைட்ராக்சிபுரப்பனாயிக் அமிலம், அமிலம் வாலைப் பிடித்துக்கொண்டதால் ஆல்கஹால் முன்னால் போய்விட்டது. ஹாலஜன்களுக்கும் நைட்ரோ தொகுதிக்கும் வாலே கிடையாது, எப்போதும் முன்னொட்டுதான்.

எஸ்தர் பெயர் மட்டும் ஏன் இரண்டு சொல்?

எஸ்தர் ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து தண்ணீரை வெளியேற்றி உருவாவது, பெயரும் இரண்டு பாதி. முதல் சொல் ஆல்கஹாலிலிருந்து வந்த பகுதி, இரண்டாவது அமிலத்திலிருந்து வந்தது. எத்தில் எத்தனோயேட் என்றால் எத்தனாலும் எத்தனாயிக் அமிலமும். மாணவர்கள் தலைகீழாகப் போடும் இடம் இது: ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு உள்ள கார்பன் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதுதான் அமிலப் பாதி. 3-மெத்தில்பியூட்டைல் எத்தனோயேட் வாழைப்பழ மணம் கொண்ட எஸ்தர், தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை எச்சரிக்க வெளிவிடும் பொருளிலும் இதுவே முக்கியமான கூறு.

மாற்றியங்கள் எத்தனை இருக்கும் என்று கணக்கிட வாய்பாடு உண்டா?

ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, இணைப்பு மட்டும் வேறு என்றிருக்கும் சேர்மங்கள்தான் மாற்றியங்கள். அவற்றை எண்ண எளிய வாய்பாடு இல்லை. அல்கேன்களில் நான்கு கார்பனுக்கு 2, ஐந்துக்கு 3, ஆறுக்கு 5, ஏழுக்கு 9, எட்டுக்கு 18, பத்துக்கு 75. இருபது கார்பன் வந்ததும் 3,66,319. இத்தனைக்கும் இதில் ஆக்சிஜன் இல்லை, இரட்டைப் பிணைப்பு இல்லை, வளையம் இல்லை, இடவெளி அமைப்பையும் கணக்கில் எடுக்கவில்லை. 1892இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடிப் பெயரிடும் விதிகளை வகுத்தது ஏன் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். அந்த வேலையைப் பின்னாளில், 1919இல் உருவான ஐயுபிஏசி எடுத்துக்கொண்டது.

எல்லா மாற்றியத்தையும் வரையச் சொன்னால் நேர்ச் சங்கிலியில் தொடங்கி ஒவ்வொரு கார்பனாகக் கழற்றிக் கிளையாக மாட்டிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு படத்துக்கும் பெயரும் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் ஒரே மூலக்கூறைத்தான் திருப்பிப் போட்டு வரைந்திருக்கிறீர்கள்.

பென்சீனுக்கு ஏன் தனி விதி?

1825இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்த பொருள் இது. ஆறு கார்பன், ஆறே ஹைட்ரஜன். திறந்த சங்கிலி அல்கேனாக இருந்தால் கார்பனின் இரு மடங்கோடு இரண்டு, அதாவது 14 ஹைட்ரஜன் இருக்க வேண்டும். எட்டு குறைகிறது. ஒரு இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ வந்தால் இரண்டு ஹைட்ரஜன் குறையும், ஆக இங்கே நான்கு: ஒரு வளையம், மூன்று இரட்டைப் பிணைப்பு. இந்த எண்ணும் முறையை எந்த ஹைட்ரோகார்பனுக்கும் போட்டுப் பார்க்கலாம், வாய்பாட்டிலிருந்தே பாதி ரகசியம் வெளிவந்துவிடும்.

கெக்குலே 1865இல் ஆறு கார்பன் வளையத்தை முன்வைத்தார். ஆனால் மூன்று ஒற்றை, மூன்று இரட்டை என்று மாறி மாறி இருந்தால் பிணைப்பு நீளம் 154, 134 பிக்கோமீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு விதமாக இருக்க வேண்டுமே? பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே நீளம், சுமார் 139 பிக்கோமீட்டர். எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன. 1929இல் கேத்லீன் லான்ஸ்டேல் எக்ஸ் கதிர் மூலம் ஹெக்சாமெத்தில்பென்சீனை ஆராய்ந்து வளையம் தட்டையான அறுகோணம் என்று உறுதிசெய்தார்.

பெயரிடும்போது வளையத்தைச் சுற்றி 1 முதல் 6 வரை எண். இரண்டு பதிலிகள் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒட்டியிருக்கும் தொகுதிகள்) என்றால் பழைய வழக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஆர்த்தோ, ஒன்று விட்டு இருந்தால் மெட்டா, எதிரெதிரே இருந்தால் பாரா. மூன்றாவது வந்துவிட்டால் எண்ணைத் தவிர வேறு வழியில்லை. டிஎன்டி வெடிமருந்து 2-மெத்தில்-1,3,5-டிரைநைட்ரோபென்சீன். மெத்தில் ஒட்டிய பென்சீனான டொலுயீனை அடிப்படையாக வைத்தால் 2,4,6-டிரைநைட்ரோடொலுயீன், சுருக்கப்பெயர் அதிலிருந்து வந்தது.

சிஸ், டிரான்ஸ் எதற்கு? எண் போட்டாலே போதாதா?

ஒற்றைப் பிணைப்பு சுழலும், இரட்டைப் பிணைப்பு சாதாரணமாகச் சுழலாது. அதனால் இரண்டு பக்கமும் உள்ள தொகுதிகள் ஒரே பக்கம் இருப்பதும் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதும் இரண்டு தனிப் பொருள்கள். ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் ஒலீயிக் அமிலம் சிஸ் வகை, 13 டிகிரி வாக்கில் உருகும். அதே எண்கள், அதே சங்கிலி, டிரான்ஸாகப் போனால் எலைடிக் அமிலம், 45 டிகிரிக்கு அருகில்தான் உருகும். நான்கு தொகுதிகளும் வேறுவேறாக இருக்கும்போது சிஸ், டிரான்ஸ் போதாது, அணு எண்ணைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கும் கான்–இங்கோல்ட்–பிரிலாக் விதிப்படி ஈ, இசட் என்ற குறிகள் வரும். ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால் கண்ணாடி பிம்பம் போன்ற இரண்டு வடிவங்கள் உண்டாகும், அவற்றுக்கு ஆர், எஸ் குறிகள். கார்வோன் என்ற சேர்மத்தின் ஒரு வடிவம் புதினா வகை ஒன்றின் மணம், மற்றது கேரவே விதையின் மணம். மூக்கு பிரித்தறிகிறது, பெயரும் பிரித்துக் காட்டத்தானே வேண்டும்.

எழுதிய பெயர் சரியா என்று நானே சோதிப்பது எப்படி?

படத்தை மூடிவிட்டு, பெயரை மட்டும் வைத்து மறுபடி வரையுங்கள். அப்புறம் இரண்டிலும் கார்பன், ஹைட்ரஜன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கேள்வித்தாளில் வரும் பெயரே தப்பாக இருந்தாலும் இந்த வழியில் பிடித்துவிடலாம். 2,2-டைமெத்தில்பியூட்-2-ஈன் என்று ஒன்றைக் கொடுத்தால் வரைந்து பாருங்கள், 2ஆவது கார்பனுக்கு இரட்டைப் பிணைப்பில் இரண்டு, 1ஆவது கார்பனோடு ஒன்று, மெத்தில்களோடு இரண்டு, ஆக மொத்தம் ஐந்து. அப்படி ஒரு பொருளே இருக்க முடியாது.

மருந்துகளின் நீளமான வேதிப் பெயரையும் இப்படிப் படிக்க முடியுமா?

முடியும். பாராசிட்டமால் என்-(4-ஹைட்ராக்சிபினைல்)அசெட்டமைடு. வால் அமைடு, ‘அசெட்’ என்பதால் இரண்டு கார்பன். ‘என்’ என்பது கார்பனில் அல்ல, நைட்ரஜனில் ஒட்டியிருக்கிறது என்பதற்கான குறி. அடைப்புக்குள் இருப்பது ஒட்டியிருக்கும் பொருள்: பென்சீன் வளையம், அதன் நான்காவது இடத்தில், அதாவது எதிர்முனையில், ஹைட்ராக்சி. ஆஸ்பிரின் 2-அசெட்டிலாக்சிபென்சாயிக் அமிலம், இதை நீங்களே வரைந்து பாருங்கள்.

அசெட்டிக் அமிலம், அசிட்டோன் என்ற பழைய பெயர்களைச் சொன்னால் தவறா?

தவறில்லை. ஐயுபிஏசியே 2013இல் அசெட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், அசிட்டிலீன், டொலுயீன், ஃபீனால், அனிலீன் ஆகியவற்றை விருப்பப் பெயர்களாக வைத்துக்கொண்டது. அசிட்டோனுக்கு விருப்பப் பெயர் புரப்பன்-2-ஓன், ஆனால் அசிட்டோன் என்று பொதுவாக எழுத அனுமதி உண்டு. ஆய்வகத்தில் யாரும் எத்தனாயிக் அமிலத்தை எடுத்துக் கொடு என்று கேட்பதில்லை. தேர்வில் ‘ஐயுபிஏசி பெயர் எழுதுக’ என்று கேட்டால் மட்டும் எத்தனாயிக் அமிலம் என்றே எழுதிவிடுங்கள், திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.